செந்தூல் லாட்டில் 64 வீடுகள்: பெட்டி மாட்யூலா, பேனலா?

வரைபலகை:
வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு லாட் (மனை). முகப்பு 48 மீட்டர், ஆழம் 40. கீழே 2 தளம் கார் நிறுத்தம், அதன்மேல் 8 மாடி வீடுகள். மாடிக்கு 8 வீடு, நடுவில் நடைபாதை, இருபுறமும் நான்கு நான்காக. ஒவ்வொரு வீடும் பிபிஆர் (அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டம்) அளவில் ஏறத்தாழ 65 சதுர மீட்டர், 3 படுக்கையறை, 2 பாத்ரூம். சிங்கப்பூரில் 2019-இல் முடிந்த 40 மாடி கிளெமென்ட் கெனப்பியைப் பார்த்த மேம்பாட்டாளர், நாமும் வீட்டைத் தொழிற்சாலையிலேயே கான்கிரீட் பெட்டிகளாக முடித்துக் கொண்டுவந்து அடுக்கலாம் என்கிறார். வீட்டுக்கு 3 பெட்டி என்று கோடு போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் வெளியளவில் 2.8 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளம். முன்சாலை 2 தடம்தான், பொருள் இறக்கி வைக்கவும் இடமில்லை. இது நடக்குமா? நடக்காது என்றால் எதைத் தொழிற்சாலையில் செய்வது?

விட்டம்தூண்:
முதலில் எடையைப் போட்டுப் பாருங்கள். தரை 120 மிமீ, கூரை 80 மிமீ, சுவர் 100 மிமீ என்றால் ஒரு பெட்டிக்குக் கான்கிரீட் சுமார் 9.5 கன மீட்டர். அதுவே 23 டன். ஓடு, ஜன்னல், குழாய் சேர்ந்தால் 25 டன். 30 மீட்டர் தள்ளி இறக்க 750 டன்-மீட்டர் கிரேன் வேண்டும். வீட்டுத் திட்டங்களில் வழக்கமாக நிற்கும் டவர் கிரேன் அந்தத் தூரத்தில் சில டன்தான் தூக்கும். 192 பெட்டிக்காக அவ்வளவு பெரிய கிரேனையும் அதற்கான அடித்தளத்தையும் போடுவது கட்டுப்படியாகாது.

அடுத்தது சாலை. லோரியின் சாதாரண அகல வரம்பு 2.5 மீட்டர். உங்கள் பெட்டி 2.8. ஒவ்வொரு பயணத்துக்கும் சிறப்பு அனுமதி, துணை வாகனம், நெரிசலில்லாத நேரம் பார்க்க வேண்டும். வழியில் உள்ள மேம்பாலத்தின் உயரம், குறுக்கே போகும் மின்கம்பி, எல்ஆர்டி, கேடிஎம் ரயில் பாதை எல்லாவற்றையும் முன்கூட்டியே அளந்துவிடுங்கள். இறக்கி வைக்க இடமில்லாத தளத்தில் ஒரு லோரி தாமதமானால் கிரேனும் ஆட்களும் சும்மா நிற்பார்கள்.

பலர் கவனிக்காத செலவு கார் தளத்தில் இருக்கிறது. பெட்டிச் சுவர் 2.8 மீட்டருக்கு ஒன்றாகச் சுமையை இறக்கும். கீழே 2.5 மீட்டர் இடங்களில் 3 வண்டி நிற்கத் தூண்களின் இடைவெளி 8.4 மீட்டர் வேண்டும். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு சுவர் வரிசைகள் தூணில்லாத இடத்தில் வந்து உட்காரும். அவற்றைத் தாங்கக் கனமான மாற்று விட்டங்கள் போட்டால் மேலே மிச்சப்பட்ட பணம் அங்கே கரைந்துவிடும். வீட்டுக்குள்ளேயே 220 மிமீ இரட்டைச் சுவர் இரண்டு வருவதால் 3.5 சதுர மீட்டரும் போகும். 65 சதுர மீட்டர் வீட்டில் அது ஓர் அலமாரியும் துணி காயவைக்கும் இடமும்.

என் பரிந்துரை: 8.4 மீட்டர் இடைவெளியில் முன்வார்ப்பு (தொழிற்சாலையில் வார்த்த) தூண், விட்டம். தரைக்கு 200 மிமீ ஹாலோ கோர் (உள்ளே துளைகள் ஓடும் கான்கிரீட்) பலகை, அதன்மேல் 65 மிமீ கான்கிரீட். 1.2 மீட்டர் அகலப் பலகை ஒன்று 3 டன்னுக்குள் அடங்கும், முகப்புப் பேனலும் அப்படித்தான். சாதாரண லோரியும் நடுத்தர கிரேனும் போதும். ஐபிஎஸ் (தொழிற்சாலை முறைக் கட்டுமானம்) மதிப்பெண்ணில் கட்டமைப்புக்கு 50, சுவருக்கு 20, மற்றவற்றுக்கு 30 என்பதால் இந்த வழியிலும் நல்ல மதிப்பெண் வரும்.

ஈரச்சுவர்:
பெட்டியாகச் செய்ய வேண்டியது பாத்ரூம் மட்டும்தான். 64 வீட்டுக்கு 128. இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் இடம், வலம் என்று இரண்டே அச்சுதான். அவை முதுகோடு முதுகாக ஒரே குழாய்க் குழியைப் பங்கிட்டுக்கொள்ளட்டும். கான்கிரீட் பாத்ரூம் ஒன்று சுமார் 4 டன் வரும். தண்ணீர் தேக்கும் சோதனையை 24 மணி நேரம் தொழிற்சாலையிலேயே முடித்துவிடலாம்.

ஹாலோ கோர் பலகையைத் தாழ்த்திப் போட முடியாது. பாத்ரூம் வரும் பட்டையில் மட்டும் 150 மிமீ தாழ்த்திய அரைப் பலகை (மேல்பாதியைத் தளத்திலேயே வார்ப்பது) போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாத்ரூம் வாசலிலும் ஒரு படி வரும், முதியவர்கள் தடுக்கி விழுவார்கள்.

கழிவுக்குழாய் தரையைத் துளைத்துக் கீழ்வீட்டுக் கூரைக்குள் போகவே கூடாது. சுவர்வழி வெளியேறும் கழிப்பிடத் தொட்டி வைத்து, குழாயை அந்தத் தாழ்வுக்குள்ளேயே குழிவரை ஓட்டுங்கள். குழியின் கதவு நடைபாதைப் பக்கம் இருக்கட்டும். 2015-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா (அடுக்குமாடி நிர்வாக) விதிகளின்படி கூரையில் ஒழுகினால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை, மேல்வீடே பொறுப்பு. புகார் வந்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். குழாய் மேல்வீட்டின் எல்லைக்குள்ளேயே இருந்தால் அண்டை வீட்டாரோடு வரும் பாதிச் சண்டை கிளம்பாது.

சறுக்கும் இடம் வரிசைதான். மேல்தளப் பலகை போடுவதற்கு முன்பே பாத்ரூம் உள்ளே இறங்கிவிட வேண்டும். அது தாமதமானால் மாடியே நிற்கும். ஒரு மாடிக்கு வேண்டிய 16 பாத்ரூம்களையும் முன்னதாகவே செய்து தொழிற்சாலையில் இருப்பு வையுங்கள். கூரையில் மழைக்கு உறை, கதவுக்குப் பூட்டு. பூட்டாவிட்டால் ஒப்படைக்கும் முன்பே பயன்படுத்திப் பாழாக்கிவிடுவார்கள்.

தீவுக்கரை:
பெட்டி முறையை அடியோடு தள்ளிவிடாதீர்கள். இரும்புச் சட்டப் பெட்டி எடை குறைவு. தொழிலாளர் விடுதி, ஹோட்டல் போல எல்லா அறையும் ஒன்றாக இருக்கும் இடத்தில் நன்றாகவே ஓடும். ஆனால் குளிர்நாட்டு வரைபடத்தை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே ஈரம் உள்ளிருந்து வெளியே போகும். இங்கே ஏர்கோன் அறையைத் தேடி வெளியிலிருந்து உள்ளே வரும். ஆவித்தடுப்பு உறை சுவரின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், மாறினால் சுவருக்குள் பூஞ்சைதான். பெட்டிகளுக்கு நடுவிலுள்ள சந்தில் மாடிக்கு மாடி தீத்தடுப்பும் வேண்டும், இல்லையென்றால் புகை அதன்வழியே ஏறிவிடும்.

பேனல் இங்கே புதிதல்ல. 1960-களில் கோலாலம்பூர் பெக்கெலிலிங் அடுக்குமாடிகள் டென்மார்க்கின் லார்சன்-நீல்சன் முறையிலும், பினாங்கு ரைஃபிள் ரேஞ்ச் பிரான்சின் எஸ்தியோ முறையிலும் எழுந்தன. அதே லார்சன்-நீல்சன் முறையில் கட்டிய லண்டனின் ரோனன் பாயிண்ட் அடுக்குமாடியில், 1968 மே மாதம் 18-ஆம் மாடியில் கேஸ் வெடித்தபோது ஒரு மூலை முழுக்கச் சரிந்து 4 பேர் இறந்தார்கள். பேனல்களை இணைத்த மூட்டுகள் ஒன்றையொன்று பிடித்து வைக்கவில்லை. ஆகவே மூட்டில்தான் கறாராக இருக்க வேண்டும். கம்பி ஒரு பேனலிலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து ஓட வேண்டும். கிரௌட்டைக் (மூட்டை நிரப்பும் சிமெண்டுக் கலவை) கீழ்த்துளையில் ஏற்றி மேல்துளையில் வழிவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடைக்க வேண்டும். நம் வெயிலில் அது சீக்கிரம் இறுகும், குளிர்ந்த நீரில் சிறிது சிறிதாகக் கலக்கச் சொல்லுங்கள்.

முகப்பு மூட்டு 20 மிமீ. கிடைமூட்டில் உள்பக்கம் 50 மிமீ உயர்ந்த படி, வெளிப்பக்கம் தாழ்வு. சீலண்ட் (மூட்டை அடைக்கும் பசை) ஆழம் அகலத்தில் பாதி, பின்னால் நுரைக்கயிறு. சீலண்ட் பின்சுவரிலும் ஒட்டினால் இழுபட்டுக் கிழியும். ஈரக் கான்கிரீட்டில் பூசினால் ஒட்டவே ஒட்டாது, மழை பெய்த மறுநாள் காலையில் ஆளை ஏற்றாதீர்கள்.

வரைபலகை:
மிக்க நன்றி. சட்டமும் பேனலும், பாத்ரூம் மட்டும் பெட்டி என்று மாற்றுகிறேன். இன்னொரு சிக்கல்: முகப்பு 8.4 மீட்டரில் 3 ஜன்னல்தான் வருகிறது. வரவேற்பறையோடு சேர்த்து அறைகள் நான்கு.

விட்டம்தூண்:
யூபிபிஎல் (சீரான கட்டடத் துணைவிதிகள்) விதிப்படி அறைக்குத் தரைப்பரப்பில் 10 சதவீத ஜன்னல், 5 சதவீதக் காற்றுவழி. நான்காவது அறைக்குக் காற்றுக்குழி (மேலே திறந்த வெளி) கொடுங்கள். 8 மாடிக்கு மேற்பட்ட கட்டடத்தில் அது 15 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 2.5 மீட்டருக்குக் குறையக்கூடாது. இரண்டு வீட்டுக்கு நடுவில் 2.8 மீட்டர் அகலம், 5.5 மீட்டர் நீளம் விட்டால் 15.4 வரும், இரு வீடும் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு பக்கத்துக்கு இரண்டு குழி என்றால் மொத்த நீளம் 39.2 மீட்டர். 48 மீட்டர் முகப்பில் மிச்சம் 8.8. பின்னடைவு (எல்லையிலிருந்து விடும் இடம்) போக படிக்கட்டு அங்கே பொருந்துமா என்று டிபிகேஎல்லில் (கோலாலம்பூர் மாநகராட்சி) கொடுக்கும் முன் வரைந்து பாருங்கள்.