நாற்பதாயிரம் ரூபாய்

ஒரே ஜெபத்தில் ஆண்டவர் தங்கள் கோபத்தை எடுத்துப்போட்டார் என்று இங்கே சிலர் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். வாசித்துத் தேவனைத் துதித்தேன். எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்துக்கு நான்தான் பொறுப்பு.

எங்கள் ஊர் நாசரேத்துக்குப் பக்கத்தில் பனங்காட்டுக்கு நடுவே ஒரு சிறு கிராமம். 2009-இல் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. அடைப்பு இருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அண்ணனுக்குக் கருப்பட்டி வியாபாரம். அந்த வருஷம் கையைக் கடித்திருந்தது. பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருந்த எனக்குப் போன் செய்து நாற்பதாயிரம் கேட்டான். "என் கையில் ஏது அண்ணே" என்றேன். பீரோவில் துணிகளுக்கு அடியில் அறுபதாயிரத்துக்கு வைப்புநிதி ரசீது இருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்தேன்.

அண்ணன் மதினியின் சங்கிலியை அடகு வைத்தான், தெரிந்தவர்களிடமெல்லாம் கை நீட்டினான். பதினோராம் நாள் விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி உறவினர் எல்லாரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் அண்ணனைப் பார்த்து, "பதினோரு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று கத்தினேன். "உன்னிடம் கேட்டேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே என் வாய் அடைத்திருக்கும். அவன் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அந்த மௌனம் என் கோபத்தை இன்னும் மூட்டியது. அதன்பின் அவன் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. அவன் மகள் கல்யாணத்துக்குக்கூட மொய்க் கவரைக் கொடுத்தனுப்பினேன்.

அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து ஞாயிறுகளில் எல்லாரோடும் சேர்ந்து பாவ அறிக்கை ஜெபத்தைச் சொல்வேன். முன்னால் போய் முழங்கால்படியிடும் நேரத்தில் தலைவலி என்று பின்பெஞ்சிலேயே இருந்துவிடுவேன். சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணிய வேண்டும் என்ற எபேசியர் வசனம் சிறுவயதில் மனப்பாடம் செய்தது. "அண்ணன்மேல் உள்ள கோபத்தை எடுத்துப்போடும் ஆண்டவரே" என்று எத்தனையோ இரவுகள் ஜெபித்தேன். பீரோவில் இருந்த ரசீதைப் பற்றி மட்டும் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

2017 நவம்பரில் சகோதரி ராணி மரியாவுக்கு இந்தூரில் அருளாளர் பட்டம், அதாவது கத்தோலிக்கச் சபையில் புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை, கொடுத்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளுக்காக உழைத்த கேரளத்துக் கன்னியர்; 1995-இல் ஓடும் பஸ்ஸில் சமந்தர் சிங் என்பவரால் குத்திக் கொல்லப்பட்டவர். என்னோடு வேலை பார்த்த கத்தோலிக்க ஆசிரியை அந்தச் செய்தியை ஆசிரியர் அறையில் சொன்னார். 2002-இல் ராணி மரியாவின் தங்கை, அவரும் கன்னியர்தான், சிறைக்குப் போய்க் கொலையாளியின் கையில் ராக்கி கட்டினார். விடுதலையான பிறகு அந்த மனிதர் கேரளத்துக்குப் போய்க் குடும்பத்தாரையும் பார்த்தார்.

அறையில் எல்லாரும் தங்கையின் மன்னிப்பை வியந்தார்கள். என் மனம் அந்தக் கையை நீட்டிய மனிதரிடம் நின்றுவிட்டது. 'இந்தக் கைதான் செய்தது' என்று ஒப்புக்கொள்ளாமல் அவரால் அதை எப்படி நீட்டியிருக்க முடியும்? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுவாரம் சேகரத்து ஐயரிடம், அதாவது எங்கள் சபைக் குருவானவரிடம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்னும் வசனத்தை என்னையே வாசிக்கச் சொன்னார். சகோதரன்மேல் *உனக்குக்* குறை இருந்தால் என்று அங்கே இல்லை. *உன்பேரில்* உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் என்றிருக்கிறது. நாற்பது வருஷமாக அதைத் தலைகீழாகவே வாசித்து வந்திருக்கிறேன்.

2018-இல் ஒரு சனிக்கிழமை காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அமர்ந்து சொல்லி முடித்தேன். "அப்போது பாங்கில் இருந்ததா?" என்று மட்டும் கேட்டான். "இருந்தது" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவன் மத்தியானம்வரை திரும்பவில்லை. மதினி கருப்பட்டிக் காபி கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஸ்ரீவைகுண்டம் தாண்டும்வரை அழுதேன். அதன்பிறகு ஒன்றைக் கவனித்தேன். அண்ணன்மேல் இருந்த கோபத்தைக் காணவில்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவதுபோல் தேடிப் பார்த்தேன், இல்லை. என் பொய்க்கு முட்டுக் கொடுக்கத்தான் அது அத்தனை வருஷம் நின்றிருக்கிறது.

அண்ணன் இன்னும் மன்னிக்கவில்லையே, நான் திருவிருந்தில் பங்குபெறலாமா என்று ஐயரிடம் கேட்டேன். யோவானின் முதல் நிருபத்தைக் காட்டி, அறிக்கையிட்டவரை மன்னிக்க ஆண்டவர் உண்மையுள்ளவர், உங்கள் அண்ணனை அவசரப்படுத்த மட்டும் உங்களுக்கு உரிமை இல்லை என்றார். அந்த ஞாயிறு முன்னால் போய் முழங்கால்படியிட்டேன். கையில் அப்பத்துண்டு விழுந்தபோது விரல்கள் நடுங்கின.

'வேதம் மன்னிக்கச் சொல்கிறதே' என்று அண்ணனிடம் பேச உறவினர் சிலர் கிளம்பினார்கள். போகவிடவில்லை. காயம் பட்டவனை வசனத்தால் அடிப்பது எனக்குச் சம்மதமில்லை. அவனுக்காக ஜெபித்தேன், அவ்வளவுதான். ஓராண்டுக்கும் மேல் அவன் பேசவில்லை.

அடுத்த வருஷம் கோயில் அசனத்துக்கு, ஊரே சேர்ந்து சாப்பிடும் சபை விருந்துக்கு, போய்ப் பெண்கள் பந்தியில் உட்கார்ந்தேன். ஓலைப்பாயில் சோறு மலைபோல் குவிந்திருந்தது. கறிக்குழம்பு வாளியோடு அண்ணன் வரிசையில் வந்தான். பனியன் வியர்வையில் நனைந்திருந்தது. என் இலை முன் நின்றவன் ஊற்றாமல் அகப்பையை வாளிக்குள் இரண்டு முறை துழாவினான்.

"உனக்குப் பல்வலி என்று மதினி சொன்னாள். எலும்பில்லாமல் போடுகிறேன், இரு" என்றான். போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.