வைக்கோல் மேல் ஒரு ஒலிம்பிக்ஸ்: சைப்ரஸ் மலை அனுபவங்கள்

பர்னபியிலிருந்து

2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸ் பேச்சை எடுத்தாலே அது ஐஸ் ஹாக்கி இறுதிப் போட்டியில்தான் போய் முடியும். எனக்கென்னவோ சைப்ரஸ் மலையில் கிடந்த வைக்கோல்தான் முதலில் ஞாபகம் வரும். ஆமாம், மாட்டுக்குப் போடுவோமே, அதே வைக்கோல்.

தெரியாதவர்களுக்காக: இந்த மலை கனடாவின் வெஸ்ட் வான்கூவரில் இருக்கிறது. நகர மையத்திலிருந்து லயன்ஸ் கேட் பாலத்தைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே பிளாக் மவுன்டன் பக்கத்துச் சரிவில்தான் ஃப்ரீஸ்டைல் ஸ்கீ (சாகசத்தோடு பனியில் சறுக்குவது), ஸ்னோபோர்டு (ஒற்றைப் பலகையில் சறுக்குவது) போட்டிகளுக்கு இடம் அமைத்தார்கள். மரங்களை வெட்டி, மண்ணைச் செதுக்கி, பனி தயாரிக்கும் இயந்திரங்களும் ராத்திரி போட்டிக்கு விளக்குகளும் வைத்து எல்லாம் முன்கூட்டியே தயார். முந்தைய வருடமே உலகக் கோப்பைப் போட்டி நடத்திச் சரிபார்த்தும் விட்டார்கள்.

பனி மட்டும் வரவில்லை. எல் நினோ வருடம் அது, பசிபிக் கடல் சூடாகி வானிலையே மாறிப்போகும் வருடம். வான்கூவரில் அதுவரை பதிவானதிலேயே வெப்பமான ஜனவரி. மாதச் சராசரி 7 டிகிரியைத் தாண்டியது. பனியாக விழ வேண்டியதெல்லாம் மழையாகக் கொட்டித் தீர்த்தது. இருப்பதாவது தேயாமல் இருக்கட்டும் என்று ஜனவரி 13-ஆம் தேதியே பொதுமக்களுக்கு மலையை மூடிவிட்டார்கள். உயரத்தில் மிச்சமிருந்த பனியை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு வந்து கீழே கொட்டினார்கள். அதுவும் போதாமல், கிழக்கே சுமார் 250 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மேனிங் பூங்காவிலிருந்து லாரி லாரியாகப் பனி வந்தது. அப்போதும் இழுபறிதான். அதனால் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, மேடுகளுக்கு அடியில் உருவம் கொடுத்து, மேலே பனியைப் போர்த்தினார்கள். டிவியில் பார்த்தவர்களுக்கு வெள்ளை வெளேரென்ற சரிவு தெரிந்திருக்கும். கேமரா கொஞ்சம் விலகியிருந்தால் பக்கத்திலேயே பழுப்பு மண்ணும் ஈரப் புல்லும் தெரிந்திருக்கும்.

நான் அங்கே தன்னார்வலராகப் பார்வையாளர் பகுதியில் இருந்தேன். எங்களுக்கு நீல ஜாக்கெட். ஊரே எங்களை 'ஸ்மர்ஃப்' (கார்ட்டூனில் வரும் நீல நிறக் குள்ளர்கள்) என்று கிண்டலடித்தது. சொந்த வண்டியில் மேலே போக முடியாது, பேருந்துதான். ஒருநாள் வேலை முடிந்து இறங்கும்போது பக்கத்து இருக்கையில் சரிவு பராமரிப்புக் குழுவைச் சேர்ந்த ஒரு பெரியவர் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றி உதறினார். மடியெல்லாம் வைக்கோல் துணுக்கு. சஸ்காட்சுவானில் கோதுமைப் பண்ணையில் வளர்ந்தவராம். வைக்கோல் கட்டுத் தூக்குகிற வேலையிலிருந்து தப்பிக்கத்தான் சின்ன வயதிலேயே மேற்கே ஓடிவந்தாராம். சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். நகரம் வந்து சேரும்வரை பனியைப் பற்றிப் பேசவே இல்லை, வைக்கோல் புராணம்தான். எந்தப் பக்கமாக அடுக்கினால் அமுங்காது, நனைந்தால் எடை எவ்வளவு கூடும் என்று பாடமே நடத்தினார்.

பிப்ரவரி 13 ராத்திரி பெண்கள் மோகல் போட்டி, அதாவது பனி மேடுகள் நிறைந்த சரிவில் சறுக்கி இறங்குவது. நல்ல மழை. சாரக்கம்பிகளின் மேல் கட்டிய இருக்கை வரிசைகளிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் கழுத்துக்குள் இறங்கியது. பிளாஸ்டிக் கோட்டு போட்ட கூட்டம் ஒரே ஆளுக்காக உட்கார்ந்திருந்தது: ஜெனிஃபர் ஹைல். 2006 டூரின் ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கிய கனடாக்காரர். கனடா இதற்கு முன் 1976-இல் மான்ட்ரியாலிலும் 1988-இல் கால்கரியிலும் ஒலிம்பிக்ஸ் நடத்தி, இரண்டிலும் ஒரு தங்கம்கூட எடுக்கவில்லை. அந்தக் குறை இன்றோடு தீரும் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. அமெரிக்காவின் ஹன்னா கியர்னி வந்து தங்கத்தைத் தட்டிக்கொண்டு போனார். ஹைலுக்கு வெள்ளி. கடைசிப் பேருந்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் ஆண்கள் போட்டி. மோகல் சரிவைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் கொடுமை புரியும். சுமார் 250 மீட்டர் நீளம். மேலிருந்து கீழ்வரை அண்டாக்களைக் கவிழ்த்து வைத்த மாதிரி மேடுகள். நடுவில் இரண்டு இடத்தில் எகிறிக் குதிக்க வேண்டும். அப்போதைய கணக்குப்படி பாதி மதிப்பெண் திருப்பங்களுக்கு, கால்வாசி குதிப்புக்கு, கால்வாசி வேகத்துக்கு. அதாவது, முதலில் கீழே வந்து சேர்ந்தால் மட்டும் ஆகாது. முட்டி இரண்டும் ஒட்டியபடி அடித்துக்கொண்டே இருக்க, தோளுக்கு மேலே ஒரு அசைவும் இருக்கக்கூடாது.

டேல் பெக்-ஸ்மித் 26.58 எடுத்து முன்னால் நின்றார். வான்கூவரில் பிறந்து வளர்ந்து, ஆஸ்திரேலியாவுக்காக ஆடுகிறவர். கூட்டத்துக்குக் கைதட்டவும் மனசில்லை, தட்டாமல் இருக்கவும் முடியவில்லை. அப்புறம் கனடாவின் அலெக்ஸாண்டர் பிலோடோ இறங்கினார், 22 வயது. 26.75. இன்னும் ஒரே ஒரு ஆள் பாக்கி, பிரான்ஸின் கில்போ கோலா. தகுதிச் சுற்றில் முதலிடம் அவர்தான். அவருடைய மதிப்பெண் பலகையில் வரும்வரை நான் பார்வையாளர்களை உட்காரச் சொல்வதை விட்டுவிட்டேன், சொன்னாலும் யார் கேட்கப்போகிறார்கள்? கோலாவுக்குக் குறைவாக வந்ததும் அந்த இரும்புச் சாரம் முழுக்க ஆடியது. நிஜமாகவே ஆடியது, போல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் கியூபெக் பாட்டி ஒருத்தர் பிரெஞ்சில் ஏதோ சொல்லி அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் தலையாட்டினேன்.

பிலோடோவின் அண்ணன் ஃபிரெடெரிக்குக்குப் பெருமூளை வாதம். எனக்கு உந்துதலே அவர்தான் என்று பிலோடோ எப்போதும் சொல்வார். அன்றைக்கு அந்த அண்ணனும் கீழே தடுப்புக்கு அருகில் இருந்தார். அந்த இடத்திலேயே பதக்கம் தரவில்லை. பச்சைச் செவ்வந்திப் பூங்கொத்துதான். பதக்கமெல்லாம் நகரத்தில் பி.சி. பிளேஸ் அரங்கத்தில். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ரொறன்ரோவிலிருந்து

மேலே பர்னபி அண்ணை எழுதிய அந்த வைக்கோல்தான் எங்கள் பயணத்தை மாற்றிப் போட்டது. நாங்கள் குடும்பமாக இங்கேயிருந்து விமானத்தில் போனோம். குளிர்கால ஒலிம்பிக்ஸ் எல்லோ என்று சினோ (பனி) சப்பாத்து, தடித்த கோட்டு, கம்பளித் தொப்பி எல்லாம் கட்டிக்கொண்டு போனால், வன்கூவர் தெருக்களில் செர்ரிப் பூ பூத்துக் கிடக்கிறது. ரொறன்ரோவில் வீட்டு வாசலில் சினோ அள்ளிக் களைத்துப்போய் வந்த எங்களுக்கு அது பெரிய பகிடி.

எங்களிடம் இருந்தவை சைப்ரஸில் நின்றுகொண்டு பார்க்கிற ரிக்கெற்றுகள். மழை பெய்து, நிற்கிற இடத்தில் போட்டிருந்த பனி கரைந்து, வைக்கோலுக்குள் ஆட்களின் கால் புதையலாம் என்ற நிலை. ஆபத்து என்று சொல்லி நிற்கிற பகுதி முழுவதையும் நிறுத்தினார்கள். மொத்தம் 28,000 ரிக்கெற்றுகள் அப்படி ரத்தாகின. காசு திரும்பக் கிடைத்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒன்பது வயது மகனுக்குக் காசைக் காட்டிச் சமாதானம் சொல்ல ஏலுமா?

பெப்ரவரி 23 நகரத்துக்குள் வைத்திருந்த பெரிய திரைக்கு முன்னால் நின்று ஸ்கீ கிராஸ் பார்த்தோம். ஒலிம்பிக்ஸில் அந்த ஆட்டம் வந்ததே அந்த வருடம்தான் முதல் தடவை. மற்ற ஃப்ரீஸ்டைல் ஆட்டங்களுக்கு நடுவர் புள்ளி போட வேண்டும்; இதில் நாலு பேர் ஒன்றாக இறங்குவார்கள், முன்னுக்கு வருகிற இரண்டு பேர் அடுத்த சுற்றுக்கு. சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற ஆட்டம். பக்கத்து ஸ்கீ ஊரான விஸ்லரில் வளர்ந்த கனடாவின் ஆஷ்லி மெக்கைவர் இறுதிச் சுற்றில் முன்னுக்குப் போனவர், கடைசிவரை யாரையும் கிட்ட விடவில்லை. தங்கம். மகன் என் தோளிலிருந்து இறங்க மாட்டன் என்று நின்றான். அடுத்த குளிர்காலமே ஸ்கீ வகுப்பில் சேர்த்துவிடச் சொல்லி ஒரே அடம். சேர்த்தோம். அந்தச் செலவைப் பற்றிக் கதைக்காமல் விடுவம்.

கோக்விட்லத்திலிருந்து

ரெண்டு பேரும் ஏரியல்ஸைப் பற்றி, அதாவது ஸ்கீயோடு எகிறி வானத்தில் குட்டிக்கரணம் போடுகிற போட்டியைப் பற்றி, ஒரு வரிகூட எழுதவில்லையே! நான் அந்தத் தரையிறங்கும் சரிவில் மண்வெட்டியோடு நின்றவன். ஸ்கீ நன்றாகத் தெரிந்தவர்களைத்தான் அந்த வேலைக்கு எடுப்பார்கள், ஏனென்றால் நிற்கவே முடியாத சரிவு அது. சுமார் 37 டிகிரி. மேலே முழுக்கப் பனியாலான எகிறு மேடைகள். மூன்று குட்டிக்கரணம் போடுகிறவர்களுக்கானது கிட்டத்தட்ட நாலு மீட்டர் உயரம். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வந்து அதில் ஏறினால் ஆள் நேராக வானத்துக்குத்தான் போவார்.

எங்கள் வேலை என்னவென்றால், இறங்குகிற இடத்துப் பனியைக் கொத்திக் கொத்தி இளக்கிவைப்பது. இறுகிவிட்டால் முட்டி போய்விடும். ஒருவர் குதித்து இறங்கியதும் குழி விழும், ஓடிப்போய் நிரப்பிச் சமன் செய்து, மறுபடி கொத்தி, ஒதுங்கி நிற்க வேண்டும். வீரர்கள் மேலே சுற்றும்போது வெள்ளைத் தரை எது, வெள்ளை வானம் எது என்று தெரியாது. அதற்காக ஊசியிலை மரத்துக் கொப்புகளை நறுக்கிச் சரிவில் தூவிவைப்போம். சைப்ரஸில் மேகம் வந்து மலையிலேயே உட்கார்ந்துவிடும். அப்போது அந்தப் பச்சைத் துணுக்குகள்தான் அவர்களுக்குக் கண். கையெல்லாம் பிசின் நாற்றம், சோப்பு போட்டாலும் போகாது.

பெண்களில் ஆஸ்திரேலியாவின் லிடியா லசிலா ஜெயித்தார். 2006-இல் டூரினில் விழுந்து முட்டி பெயர்ந்து அலறிய அதே லசிலா. ஆண்களில் அலெக்ஸி கிரிஷின்; குளிர்கால ஒலிம்பிக்ஸில் பெலாரஸுக்கு அதுதான் முதல் தங்கம். ஆனால் எங்கள் குழுவில் யாரைக் கேட்டாலும் வெள்ளி வாங்கிய அமெரிக்கர் ஜெரெட் பீட்டர்சனைத்தான் சொல்வார்கள். 'ஹரிக்கேன்' என்று பெயர் வைத்து ஒன்று போட்டார். மூன்று குட்டிக்கரணம், அதற்குள்ளேயே ஐந்து திருகல். நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஆள் சுழல்கிற சத்தம், துணி காற்றில் படபடப்பது, தெளிவாகக் கேட்டது. அப்புறம் தொப்பென்று எங்களுக்குப் பக்கத்தில் இறங்கி, நிமிர்ந்து போய்விட்டார். அவர் விட்ட குழியை நான்தான் நிரப்பினேன். 2011-இல் அவர் இறந்துபோன செய்தி வந்தபோது எங்கள் குழுவில் பலர் ஒருத்தருக்கொருத்தர் போன் செய்துகொண்டோம்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சந்தேகம் மட்டும் எனக்குண்டு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு தாழ்வான மலையில் இதை வைத்திருக்க வேண்டுமா? பிளாக் மவுன்டன் உச்சியே 1,200 மீட்டர்தான். மற்றப் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த விஸ்லரில் அந்த வருடம் பனிக்குப் பஞ்சமே இல்லை. நகரத்துக்குப் பக்கம், கூட்டம் வரும் என்கிற கணக்கு சரிதான், ஆனால் அந்தக் கணக்கில் மழையைச் சேர்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

நார்த் வான்கூவரிலிருந்து

நான் 2010-இல் இந்த நாட்டிலேயே இல்லை. ஆனால் இப்போது வாரம் தவறாமல் அந்த மலைக்குப் போகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் சொல்கிற இருக்கை வரிசையும் சாரமும் ஒன்றும் மிச்சமில்லை. அதெல்லாம் தற்காலிகக் கட்டுமானம், போட்டி முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். குளிர்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் அதே சரிவுகளில் விழுந்து எழுந்து கற்றுக்கொள்கிறார்கள். கோடையில் பிளாக் மவுன்டன் மேலே நடந்து போகலாம். ஸ்கீ பாதையை ஒட்டியே ஏற்றம், மூச்சு வாங்கும். மேலே கேபின் ஏரி, அதைத் தாண்டினால் ஈகிள் பிளஃப்ஸ் பாறை. அங்கிருந்து கடல், தீவுகள், துறைமுகத்துக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும் சரக்குக் கப்பல்கள் எல்லாம் தெரியும். சாம்பல் நிறக் குருவி ஒன்று, விஸ்கி ஜாக் என்பார்கள், கூச்சமே இல்லாமல் கையிலேயே வந்து உட்காரும். சாப்பாடு கொடுக்காதீர்கள், ரொம்பக் கெட்டுப்போய்விட்டன.

குழந்தைகளோடு போகிறவர்கள் யூ ஏரிப் பக்கம் போங்கள், ஏற்றமே இல்லை, பழைய பெருமரங்களைப் பார்க்கலாம். ஆகஸ்ட் கடைசியில் போனால் வழியெல்லாம் புளூபெர்ரி. ஜூலையில் போனால் வழியெல்லாம் கொசு, மருந்து எடுத்துக்கொண்டு போங்கள்.