அம்மா பெயரில் ஒரு நிதி, ஆனால் போட்டோ கிடையாது

எங்கள் அம்மா நடுநிலைப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போன முதல் வருஷ நினைவுநாளுக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தது. சித்தப்பா வழக்கம்போல, "ஏதாவது இல்லத்துல மத்தியானச் சாப்பாடு போட்டுரலாம்" என்றார். அக்காதான் வேறு யோசனை சொன்னாள். அம்மாவிடம் படித்த பெண் ஒருத்தி, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்கான ஆலோசனை மையத்தில் வேலை செய்கிறாள், அங்கே கேட்டுப் பார்க்கலாம் என்று.

மையம் என்றால் ஒரு வாடகை வீட்டின் மாடி. வாசலில் போர்டுகூட இல்லை. போர்டு வைத்தால் படியேறும் பிள்ளை யார், எதற்கு வருகிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடுமாம். சித்தப்பா நேராக விஷயத்துக்கு வந்தார்: பிள்ளைகளுக்குச் சாப்பாடு, அம்மா படத்தோடு ஒரு குரூப் போட்டோ. மையத்தின் பொறுப்பாளர் பொறுமையாகச் சொன்னார்: "சார், இங்க யாரும் தங்குறதில்ல. ஒரு பிள்ளை வர்ற நேரத்துல இன்னொரு பிள்ளை வராத மாதிரிதான் நேரமே கொடுக்குறோம். பேர், முகம், ஸ்கூல் எதுவும் எந்த மீடியாவுலயும் வெளிய வரக் கூடாதுன்னு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்கள்லேருந்து பாதுகாக்குற போக்சோ சட்டத்துலயே இருக்கு."

"காசு கொடுக்கிறவனுக்கு அது யாருக்குப் போகுதுன்னு தெரிய வேண்டாமா?" என்றார் சித்தப்பா. நியாயமான கேள்விதான். பதிலுக்குப் பொறுப்பாளர் முந்தைய வருஷத்தின் வரவுசெலவுக் கணக்கை எடுத்து வைத்தார். ஆலோசகர் சம்பளம், வாடகை, பஸ் காசு, கலர் பென்சில். அதோடு, 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் எடுத்த ஆய்வையும் சொன்னார். அதில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொல்லியிருந்தார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. சித்தப்பா அதற்குப் பிறகு போட்டோ பேச்சை எடுக்கவில்லை. அம்மாவின் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை வைப்பு நிதியாகப் போட்டு, வட்டி மட்டும் மையத்துக்குப் போகிற மாதிரி செய்தோம்.

இதுபோல யாராவது செய்திருந்தால் எழுதுங்கள்.

*முன்னாள் ஆலோசகர், கோவை*

அந்தச் சித்தப்பா மாதிரி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வேலை கண்ணுக்குத் தெரியாதது, அதுதான் சிக்கல். ஒரு பிள்ளை முதல் நாள் வந்தால் "என்ன நடந்துச்சு" என்று கேட்க மாட்டோம். களிமண் இருக்கும், பொம்மை வீடு இருக்கும். சில பிள்ளைகள் ஒரு மணி நேரமும் மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டுப் போகும். இதற்கா சம்பளம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பிள்ளை அதற்குள் போலீஸ், டாக்டர், மாஜிஸ்திரேட் என்று வரிசையாக எல்லோரிடமும் சொல்லி ஓய்ந்திருக்கும்.

அப்புறம், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று நாங்கள் சத்தியம் செய்து கொடுக்க முடியாது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்த யாராக இருந்தாலும் போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பின்னால் தெரியவந்தால் நம்மையும் ஏமாற்றுக்காரர்கள் பட்டியலில் சேர்த்துவிடும். வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் யூனிஃபார்மில் வரக் கூடாது, பிள்ளையின் வீட்டுக்கே போகலாம் என்பதெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. பல பெற்றோருக்கு அது தெரியாது. நாங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

முடிந்தவரை ஒரு வருஷத்துக்குள் விசாரணை முடிய வேண்டும் என்கிறது சட்டம். இழுத்துக்கொண்டே போன வழக்குகளைத்தான் நான் அதிகம் பார்த்தேன். அவ்வளவு காலமும் பிள்ளைக்கு அதே ஆலோசகர் இருக்க வேண்டும். ஆனால் திட்ட நிதி வருஷக் கணக்கில்தான் வரும். அது நின்றதும் ஆலோசகர் வேறு வேலை தேடிப் போய்விடுவார். நானே அப்படித்தான் போனேன். உங்கள் அம்மா நிதியின் வட்டி சின்னத் தொகையாக இருக்கலாம், ஆனால் அடுத்த வருஷமும் வரும். பெரிய கம்பெனி ஒரே தடவை கொடுக்கும் பணத்தில் ஆளை வேலைக்கு வைக்கத் தைரியம் வராது, இதில் வரும்.

*பெயர் வேண்டாம்*

நான் இப்படிப்பட்ட உதவியை வாங்கிய தரப்பு. எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்காக, அவள் அம்மாவுக்குத் துணையாகப் போனவள். ஊர், வயது எதுவும் கேட்காதீர்கள். அந்த அம்மா தினக்கூலி. வாரம் ஒரு நாள் மையத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. போதாததற்குச் சொந்தக்காரர்கள் வேறு, "வீட்டுக்குள்ளயே முடிச்சுக்கோ, நாளைக்குப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா" என்று. பஸ் காசும் இல்லையென்றால் மூன்றாவது வாரமே நின்றிருப்பாள்.

முதல் நாள் கிளம்பும்போது பஸ் காசும் டிபன் காசும் ஒரு கவரில் கொடுத்தார்கள். காலமான ஒரு வாத்தியார் பெயரில் அவர் குடும்பம் தருகிற பணம் என்றார்கள். "அவங்களுக்கு நாங்க யாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது, தெரியவும் வராது என்ற பிறகுதான் வவுச்சரில் கையெழுத்துப் போட்டாள். தெரியும் என்றிருந்தால் நடந்தே வந்திருப்பாள், அந்த ரகம்.

*ஆடிட்டர், மதுரை*

உணர்ச்சி எல்லாம் சரி, பேப்பரையும் பார்த்துவிடுங்கள். அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவு செய்ய வேண்டும் என்றால், மூலதன நன்கொடை என்று கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் செல்லாது, சாதாரண நன்கொடையாகக் கணக்கில் போய்விடும். செக்கிலோ ஆன்லைனிலோ கொடுங்கள். ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் வரிச் சலுகை கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது.

என் வாடிக்கையாளர் ஒருவர் "பொம்மைகள் வாங்க மட்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பொம்மை நிறைந்த அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரண்ட் பில்லுக்குத் திண்டாடினார்கள். அதனால் "குழந்தைகள் ஆலோசனைப் பணிக்கான எந்தச் செலவுக்கும்" என்று விரிவாகவே எழுதுங்கள். மையம் ஒருவேளை மூடப்பட்டால் அசலை யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.