எஸ்டிஎஸ்-47: ஒரு தம்பதி, ஒரு ரசிகை, கொஞ்சம் தவளைகள்

பக்கவாட்டு ராக்கெட்:
புதுச் செய்தியாகப் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. இன்று ஒரு பழையது. 1992 செப்டம்பர் 12 அன்று, எஸ்டிஎஸ்-47 என்ற பயணத்தில், நாசாவின் எண்டவர் விண்ணோடம் ஏழு பேரோடு கிளம்பியது. அதில் மார்க் லீயும் ஜேன் டேவிஸும் கணவன் மனைவி. பயிற்சிக் காலத்தில் சத்தமில்லாமல் கல்யாணத்தை முடித்துக்கொண்டவர்கள். தம்பதியை ஒரே பயணத்தில் அனுப்புவது நாசாவுக்கு வழக்கமில்லை. ஆனால் விஷயம் வெளியே வந்தபோது வேறு ஆளைப் பழக்க நேரமில்லை, சரி போய்வாருங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

அதே விண்ணோடத்தில்தான் மே ஜெமிசனும் போனார். விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண். சிறுவயதிலிருந்தே ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக்கதைத் தொலைக்காட்சித் தொடர் மீது பைத்தியம். அந்தத் தொடரில் தகவல் தொடர்பு அதிகாரியாக வரும் உகூராவின் வசனத்தைச் சொல்லித்தான் தன் ஷிஃப்டைத் தொடங்குவாராம். கூடவே ஆய்வுக்காகத் தவளைகளும் போயின. ரசிகை, தம்பதி, முட்டையிடும் தவளை, எல்லாம் ஒரே வண்டியில். இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு விண்வெளிச் செய்தி எழுதவே முடியாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஈர்ப்புவிசை:
வந்துவிட்டேன் தம்பி. அந்தப் பயணத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. விண்ணோடத்தில் பறந்த முதல் ஜப்பானியர் மாமொரு மோரி அதில்தான் போனார். உங்கள் பதிவில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை, கல்யாணத்துக்கு ஒரு பத்தி. ஜேன் டேவிஸ் இயந்திரப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், மூன்று முறை விண்வெளிக்குப் போனவர். அவரைப் பற்றி இங்கே யாருக்காவது வேறு ஏதாவது தெரியுமா? நாம் என்ன கிசுகிசுப் பத்திரிகையா நடத்துகிறோம்?

அப்புறம், கணவனும் மனைவியும் வேறு வேறு ஷிஃப்ட். ஒருவர் எழும்போது மற்றவர் தூங்கப் போவார். உங்கள் கற்பனைக்கு அங்கே இடமில்லை.

வெறும் வாசகன்:
சார், ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஜோடிகள் பாதிப் பேர் இப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

சாய்கோடு:
ஈர்ப்புவிசை சார், மோரியை விட்டது தப்புதான். ஆனால் ஆண் பெண் விஷயத்தை விண்வெளிக்குள் கொண்டுவந்தது நாங்கள் இல்லை. 1983இல் சாலி ரைட் முதல் அமெரிக்கப் பெண்ணாகப் போகத் தயாரானபோது, ஒரு வாரப் பயணத்துக்கு மாதவிடாய்க்கான டேம்பான் 100 போதுமா என்று அவரிடம் கேட்டவர்கள் நாசா பொறியாளர்கள். பாதியாகக் குறைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று பதில் சொல்லியிருக்கிறார். நிருபர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வேலையில் ஏதாவது தப்பானால் அழுவீர்களா என்று கேட்டார்கள். ஆண் வீரர் யாரிடமாவது அதைக் கேட்டார்களா?

இந்த விஷயத்தில் ரசிகைகள் முந்திவிட்டார்கள். 1974இலேயே ஸ்டார் ட்ரெக்கின் கேப்டன் கிர்க்கையும் ஸ்பாக்கையும் காதலர்களாக வைத்து ஒரு ரசிகர் இதழில் கதை வந்துவிட்டது. எழுதியவர் ஒரு பெண். இரண்டு பெயருக்கும் நடுவே ஒரு சாய்கோடு போடுவார்கள், அந்த வகைக் கதைகளுக்கே அதுதான் பெயராயிற்று. என் புனைபெயரும் அங்கிருந்து வந்ததுதான். நம் ஊர்ச் சிற்றிதழ்கள் மாதிரி கையில் காசு போட்டு அச்சடித்து, தபாலில் அனுப்பி வளர்ந்த உலகம் அது.

ஈர்ப்புவிசை:
வளரட்டும் அம்மா, நான் தடுக்கவில்லை. ரசிகர்களால்தான் விண்வெளித் துறையே நகர்ந்தது என்று சிலர் சொல்லும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. முதல் விண்ணோடத்துக்குக் கான்ஸ்டிடியூஷன் என்று பெயர் வைக்க இருந்தார்கள். ரசிகர்கள் அதிபர் ஃபோர்டுக்குக் கடிதமாகக் குவித்து அதை எண்டர்பிரைஸ் என்று மாற்ற வைத்தார்கள். 1976 செப்டம்பரில் தொடரின் நடிகர்கள் பலரை வரவழைத்து விழாவும் நடந்தது. என்ன பயன்? அந்த வண்டி வெறும் சோதனை ஓட்டத்துக்குக் கட்டியது. 1977இல் விமானத்தின் முதுகில் ஏற்றிக்கொண்டுபோய், மேலேயிருந்து விட்டு, தரையிறக்கிப் பார்த்தார்கள். விண்வெளிப் பக்கம் போகவே இல்லை. இப்போது நியூயார்க்கில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கஷ்டப்பட்டு வாங்கிய பெயரை ஓடாத தேருக்கு வைத்துவிட்டார்கள்.

பக்கவாட்டு ராக்கெட்:
ஐயா, அது வலிக்கிற இடம். அங்கேயே அடிக்கிறீர்கள்.

ஆனாலும் உகூராவாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸ் 1977இல் நாசாவுக்காக ஊர் ஊராகப் போய்ப் பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்ணப்பிக்கச் சொன்னார். 1978இல் தேர்வான 35 பேரில் ஆறு பேர் பெண்கள். அதற்கு முன் நாசாவின் விண்வெளி வீரர்களில் ஒரு பெண்கூட இல்லை.

ஈர்ப்புவிசை:
அந்த ஆறு பேரில் ஒருவரான சாலி ரைட், ஸ்டான்ஃபோர்டு மாணவர் பத்திரிகையில் வந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் விண்ணப்பித்தார். ஜெமிசனை உகூரா கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் தரமாட்டேன்.

வெறும் வாசகன்:
எனக்கு ஒரு சந்தேகம். மனிதர்களை விடுங்கள், மேலே போய் ஏதாவது ஜீவன் ஜோடி சேர்ந்திருக்கிறதா?

பக்கவாட்டு ராக்கெட்:
மீன் சேர்ந்திருக்கிறது! 1994இல் கொலம்பியா விண்ணோடத்தில் மெடாக்கா என்ற சின்ன மீன்கள் நான்கு போயின. எடையற்ற நிலையில் பெரும்பாலான மீன்கள் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். சுற்றாத மீன்களாகத் தேடிப் பொறுக்கி அனுப்பினார் ஒரு ஜப்பானிய ஆய்வாளர். அங்கேயே கூடி, முட்டையிட்டு, குஞ்சும் பொரித்தன. ரஷ்யா 2014இல் அனுப்பிய ஐந்து பல்லிகளின் கதைதான் சோகம். நான்கு பெண், ஒரு ஆண். திரும்பி வந்தபோது ஐந்தும் செத்துக் கிடந்தன. கூடப் போன பழ ஈக்கள் மட்டும் குடும்பத்தைப் பெருக்கிக்கொண்டு வந்தன.

ஈர்ப்புவிசை:
பல்லியோடு நிறுத்திக்கொள்ளலாம். மனிதர் விஷயத்தில் எனக்கு நிஜமாகவே ஒரு வருத்தம் உண்டு. சாலி ரைட் தன் சொந்த வாழ்க்கையைக் கடைசிவரை பேசவில்லை. 2012இல் அவர் இறந்த அன்றுதான், 27 ஆண்டுகளாக டாம் ஓஷானசி என்ற பெண் அவருடைய துணையாக இருந்தார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க அவர் மூடி வைத்த கதவை நாம் எதற்குத் தட்ட வேண்டும்?

சாய்கோடு:
நியாயமான கேள்வி சார். ஆனால் கதவைத் திறந்தது நாம் இல்லை. உலகத்திடம் என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை நீயே முடிவு செய் என்று சாலியே டாமிடம் விட்டிருந்தார். மறு ஆண்டு சாலிக்குக் கிடைத்த அதிபர் பதக்கத்தை டாம்தான் மேடையேறி வாங்கினார். அது கிசுகிசு இல்லையே.

உங்கள் பக்கத்துக்கும் ஒன்று தருகிறேன். ஸ்டார் ட்ரெக் தொடரில் சுலு என்ற பாத்திரத்தில் நடித்த ஜார்ஜ் டக்கேய், தான் தன்பாலீர்ப்பாளர் என்று 2005இல் வெளிப்படையாகச் சொன்னவர். 2016இல் வந்த ஸ்டார் ட்ரெக் படத்தில் சுலுவையும் அப்படிக் காட்டியபோது, சந்தோஷப்படுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ, பழைய பாத்திரத்தை மாற்றாதீர்கள், புதிதாக ஒருவரை உருவாக்குங்கள் என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் மனுஷர் பேசியதில் ஒரு நேர்மை இருந்தது.

ஈர்ப்புவிசை:
டாம் பதக்கம் வாங்கியது எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் நான் பின்வாங்குகிறேன். கல்யாணக் கதை பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

ஆனால் ராக்கெட் தம்பி, அந்தத் தவளைகளை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! விண்ணோடத்திலேயே முட்டைகளைக் கருவுறச் செய்து தலைப்பிரட்டைகளை வளர்த்தார்கள். பூமியில் தலைப்பிரட்டை நீர்ப்பரப்புக்கு நீந்தி வந்து காற்றை விழுங்கி நுரையீரலை நிரப்பும். மேலே அவற்றின் நுரையீரல் வெறுமையாகவே இருந்தது. எது மேல், எது கீழ் என்று தெரியாத இடத்தில் பரப்பை எங்கே தேடும்? பூமிக்கு வந்ததும் சரியாகிவிட்டன. நாளைக்கு யாராவது செவ்வாயில் குடியேறிப் பிள்ளை பெற்றால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இதற்கென்று தனி இழை நானே தொடங்குகிறேன். ஒரே நிபந்தனை, அங்கே இனப்பெருக்க ஜோக் கூடாது.

வெறும் வாசகன்:
சார், அது இல்லாமல் தலைப்பிரட்டை எங்கிருந்து வரும்?