கிராமம் புறநகரா மாறினத பழைய வான்படங்கள்ல எப்படிப் பாக்கறது?

கேள்வி:
ஒரு கிராமம் புறநகரா மாறினத மேல இருந்து எடுத்த படங்கள வெச்சு வருஷவாரியா அடுக்கணும். கூகுள் எர்த்ல பின்னாடி போகப்போக மங்கலாயிடுது, வயல் எது வீடு எதுன்னே தெரியல. பழைய தெளிவான படம் எங்க கிடைக்கும், கிடைச்சா முதல்ல எதப் பாக்கணும்?

பதில் 1:
அந்த மங்கல் படமெல்லாம் பெரும்பாலும் லேண்ட்சாட்ங்கற அமெரிக்க சாட்டிலைட் எடுத்தது. ஒரு பிக்சல்னா தரையில 30 மீட்டர், அதுல ஒரு வீட்டத் தேடறது வீண் வேலை, ஊர் எந்தப் பக்கம் பரவுச்சுன்னு மட்டும் பாத்துக்கலாம். அதுக்கும் முன்னாடி வேணும்னா கொரோனா படங்களத் தேடுங்க. அமெரிக்கா 1960ல இருந்து 1972 வரைக்கும் உளவு சாட்டிலைட்ல எடுத்தது, 1995ல ரகசியம் நீக்கிட்டாங்க. அமெரிக்க புவியியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ்ஸோட எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்துல இருக்கு, ஏற்கனவே ஸ்கேன் பண்ணதுன்னா இலவசம். கருப்பு வெள்ளைதான், ஆனா கடைசி வருஷங்கள்ல எடுத்ததுல ஏறக்குறைய 2 மீட்டர் தெளிவு, வண்டிப்பாதையெல்லாம் அருமையா தெரியும்.

பதில் 2:
வீட்ட எண்ண ஆரம்பிக்காதீங்க, வீடு கடைசியாத்தான் வரும். முதல்ல உழவுக்கோடு மறையும், நிலம் தரிசா புல்லு மண்டிக் கிடக்கும், அடுத்த படத்துல அதே இடத்துல வெள்ளையா மண்ரோடு கட்டம்கட்டமா ஓடும், அப்பவே நிலம் கைமாறியாச்சு. துண்டு துண்டா வித்த ஊர்ல பழைய வரப்புதான் பெரும்பாலும் தெருவாகும், நேராப் போற தெரு சட்டுனு கோணலாத் திரும்பினா அது பழைய நில எல்லையான்னு பாருங்க. ஒரே கம்பெனி மொத்தமா கட்டினா கதையே வேற. நியூயார்க் பக்கம் லெவிட்டவுன்ல உருளைக்கிழங்கு விளைஞ்ச நிலத்துல 1947ல ஆரம்பிச்சு 1951க்குள்ள 17,000 வீட்டுக்கு மேல கட்டிட்டாங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. ஆனா ரெண்டு வருஷத்துப் படத்த மேல மேல வெச்சா பொருந்தவே மாட்டேங்குதே?

பதில் 3:
கேமரா சாய்வு ஒவ்வொண்ணுலயும் மாறும், அதான். க்யூஜிஐஎஸ்ங்கற இலவச வரைபட மென்பொருள்ல, படத்த வரைபடத்தோட பொருத்தற ஜியோரெஃபரன்சர்னு ஒரு கருவி இருக்கு, அதுல ரெண்டு படத்துலயும் மாறாம இருக்கற பாலம், ரோடு சந்திப்பு, ரயில் கேட் மாதிரி இடங்களப் புள்ளியா வைங்க, நாலு ஓரத்துலயும் பரவலா இருக்கட்டும். மரம், ஆத்து வளைவு வேண்டாம், நகந்துடும். மாசத்தையும் பாருங்க, கோடையில எடுத்த படத்துல குளம் வத்திக் கிடக்கும், தூத்துட்டாங்கன்னு நினைச்சுடுவீங்க. நிஜமாவே தூத்த குளத்தையும் வாய்க்காலையும் தனி லேயரா வரைஞ்சு தயவுசெஞ்சு எல்லாரும் பாக்கற மாதிரி போடுங்க, அங்க மனை வாங்கப் போறவங்க பணம் கட்டறதுக்கு முன்னாடி பாக்க வேண்டிய படம் அதுதான்.