தூண்கள் நிமிர்ந்துவிட்டன, துளி உருள மாட்டேன் என்கிறது

கேள்வி:
வடிவ நினைவு எபாக்சியில் (மறுபடி சூடாக்கினால் பழைய வடிவத்துக்கே திரும்பும் பிளாஸ்டிக்) நுண்தூண்கள் வார்த்திருக்கிறேன். தூண்கள் நிமிர்ந்து நிற்கும்போது 10 மைக்ரோலிட்டர் தண்ணீர்த் துளி லேசாகச் சாய்த்தாலே ஓடிவிடுகிறது. சூடாக்கி, கண்ணாடித் தகட்டால் அழுத்தி, அப்படியே ஆறவிட்டால் தூண்கள் படுத்துவிடுகின்றன, அப்புறம் கவிழ்த்தாலும் துளி விழுவதில்லை. இதுவரை சரி. ஒட்டிய துளியை ஓடவைக்கலாம் என்று அதோடு சேர்த்தே மறுபடி சூடாக்கினேன். நுண்ணோக்கியில் தூண்கள் எழுந்தது தெரிகிறது, ஆனால் துளி அசையவே இல்லை. எங்கே தப்பு?

பதில் 1:
தூண்கள் மேல் தப்பில்லை, தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. காற்றுமெத்தை மேல் உட்கார்ந்திருந்தால்தான் (காசி-பாக்ஸ்டர் நிலை) துளி உருளும், தூண்கள் படுத்திருந்தபோது இடுக்கில் இருந்த காற்றைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் புகுந்துகொண்டது, அது வென்சல் நிலை. தூண் எழுந்தால் மட்டும் போன காற்று தானாகத் திரும்பி வராது. துளியை எடுத்துவிட்டு, நன்றாக உலர்த்தி, சூடாக்கி, புதுத் துளி வைத்துப் பாருங்கள்.

பதில் 2:
சும்மா உட்கார்ந்திருக்கும் துளியின் தொடுகோணத்தை (துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம்) மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். துளியின் விளிம்பு முன்னே நகரத் தொடங்கும்போது உள்ள முன்னேறும் கோணம், பின்னே இழுபடத் தொடங்கும்போது உள்ள பின்வாங்கும் கோணம் இரண்டும் வேண்டும். உங்கள் துளியின் எடை சுமார் 98 மைக்ரோநியூட்டன், 30 டிகிரி சாய்வில் கீழே இழுப்பது அதில் பாதி, 49. தொடும் அகலம் 1.5 மில்லிமீட்டர், அந்த இரண்டு கோணங்களின் கோசைன் வித்தியாசம் 0.5 என்று வைத்தால் பிடித்துவைக்கும் விசை சுமார் 54, அதனால் நின்றுவிடும். வித்தியாசம் 0.1 ஆனால் 11தான், ஓடிவிடும்.

கேட்டவர்:
உலர்த்திப் பார்த்தேன், புதுத் துளி ஓடுகிறது! ஆனால் எனக்கு வேண்டியது ஒட்டிய துளியையே கிளப்புவது.

பதில் 1:
அப்படியானால் தண்ணீர் முதலிலேயே உள்ளே இறங்காதபடி செய்ய வேண்டும். தாமரை இலையில் இருப்பதுபோல் தூண்கள் மேலேயே இன்னும் நுண்ணிய சொரசொரப்பு இருந்தால் தூண் படுத்தாலும் கொஞ்சம் காற்று தங்கும். இல்லையென்றால் சூட்டையே விட்டுவிடுங்கள்: இரும்புத் துகள் கலந்த சிலிகோன் ரப்பர் தூண்களைக் காந்தத்தால் வளைத்தால் துளி ஆவியாகும் தொல்லையும் இல்லை.

பதில் 3:
சூட்டோடுதான் போவீர்கள் என்றால் தட்டு முழுக்க ஒரே வெப்பமா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தால், பரப்பு இழுவிசை மாறி, துளி குளிர்ந்த பக்கம் நகரும். அது தூண்கள் செய்த வேலை என்று நம்பி நான் இரண்டு வாரம் குதித்துக்கொண்டிருந்தேன்.