எம்எஸ்ஐ அப்டேட் போட்டால் வாடிக்கையாளரின் செட்டிங்ஸ் அழிகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் விண்டோஸ் மென்பொருளுக்கு விக்ஸ் என்ற கருவியை வைத்து எம்எஸ்ஐ பேக்கேஜ் (விண்டோஸ் இன்ஸ்டாலர் நிறுவும் ஃபைல்) செய்கிறேன். முதல் சிக்கல் தீர்ந்துவிட்டது: 2.4.1.3 இருந்த கணினியில் 2.4.1.4 போட்டால், கண்ட்ரோல் பேனலில் இரண்டும் தனித்தனியாக நின்றன. விண்டோஸ் இன்ஸ்டாலர் பதிப்பு எண்ணில் முதல் மூன்று பகுதிகளை மட்டும்தான் ஒப்பிடும், நான்காவதைக் கண்டுகொள்ளாது. 2.4.2 என்று மாற்றியதும் சரியானது.

இப்போதுதான் உண்மையான தலைவலி. புதிய பதிப்பு போட்டதும் செட்டிங்ஸ் ஃபைல் காலியாகிவிடுகிறது. சர்வர் முகவரி, பிரிண்டர் பெயர் எல்லாம் வாடிக்கையாளர் உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது. பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

காரணம் தெரிகிறது. எங்கள் பேக்கேஜில் மேஜர் அப்கிரேட் (பழைய பதிப்பின் இடத்தில் புதியதைப் போடும் முறை) பழையதை முழுவதுமாக நீக்கிவிட்டுத்தான் புதியதை நிறுவுகிறது. அந்த ஃபைல் அடங்கிய காம்போனென்ட்டை (ஒன்றாக நிறுவி நீக்கப்படும் அலகை) பெர்மனென்ட், அதாவது நீக்கக் கூடாதது, என்று குறித்திருக்க வேண்டும், ஆனால் குறிக்காத பேக்கேஜ் ஏற்கெனவே எல்லாரிடமும் போய்விட்டது!

பழையதை நீக்கும் கட்டத்தை இன்ஸ்டால் ஃபைனலைஸுக்கு (புதியதை நிறுவி முடிக்கும் கட்டத்துக்கு) பிறகு தள்ளினால் ஃபைல் தப்பிக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குக் காம்போனென்ட் ஜியுஐடிகள் (ஒவ்வொன்றுக்கும் உரிய தனி அடையாள எண்கள்) மாறாமல் இருக்க வேண்டும். நடுவில் சிலவற்றை மாற்றிவிட்டோம். செட்டிங்ஸ் ஃபைலுக்கு உரியது மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த நிலையில் தள்ளிவைப்பது பாதுகாப்பானதா? இல்லை, நீக்கும் முன் கஸ்டம் ஆக்‌ஷன் (நிறுவலின்போது ஓட நாமே சேர்க்கும் செயல்) மூலம் நகல் எடுத்து, அப்புறம் திருப்பி வைப்பது நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வெர்போஸ் லாக் (நிறுவலின் விரிவான பதிவு) எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் தேவையான பகுதியைப் பகிர்கிறேன்.